யாரு தள்றது?

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்துத் திண்டிவனம் பஸ் வந்து நிற்கும்போது படிக்கட்டில் என்ன நடக்கும் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். “தள்ளாதம்மா!” என்று முன்னால் ஒருத்தி கத்துவாள். “நான் எங்க தள்றேன், பின்னாடி தள்றாங்க” என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் தள்ளுவோம். அக்கா மட்டும் அப்படியே நின்று, திரும்பி, “யாரு தள்றது?” என்று கேட்பாள். சண்டைக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். முதல் தள்ளு எந்த ஆளிடமிருந்து கிளம்பியது என்று கூட்டத்தின் கடைசி வரைக்கும் கண்ணை ஓட்டுவாள். அதற்குள் நாங்கள் நாலு பேர் அவளைத் தாண்டி ஏறி சீட் பிடித்திருப்போம். அவள் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவாள்.

எனக்குச் சொந்த அக்கா இல்லை. கோச்சிங் சென்டரில் அவள்தான் எல்லோருக்கும் மூத்தவள், அதனால் அக்கா. ஊர் காணைக்குப் பக்கம். கெடார் பஸ்ஸில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து என்னோடு திண்டிவனம் பஸ் ஏறுவாள். சென்டர் திண்டிவனத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே எவர்சில்வர் அண்டாவைத் தட்டிப் பார்க்கிற சத்தம், மேலே நீட் தேர்வுக்கு நாங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்வரிசை. ஏற்கெனவே எழுதித் தவறவிட்டவர்கள் ஜன்னல் ஓர வரிசை. எங்களுக்கு ரிப்பீட்டர் என்று பெயர். நான் ஒரு முறை தவறவிட்டவள். அக்கா எத்தனை முறை என்று யாரும் அவளைக் கேட்பதில்லை, அவளும் மறைப்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் அவள் உட்காரும் இடத்தில் பெஞ்சின் வார்னிஷ் போயிருந்தது, போதாதா?

ஒல்லி. முன்பல் ஒன்று லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் யோசிக்கும்போது உதட்டைக் கடிப்பது போலவே இருக்கும். மதியத்துக்குக் கேப்பை அடை கொண்டுவருவாள், சீசனில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மல்லாட்டையை மேசைமேல் கொட்டிவிட்டு “எடுங்கடி, ஜல்தி, பெல் அடிச்சிடும்” என்பாள். எடுக்காமல் கூச்சப்படுகிற பெண்ணின் பக்கமாகக் கையால் ஒரு குவியலைத் தள்ளிவிடுவாள். அப்படித் தள்ளுவதற்கு மட்டும் அவள் கணக்குக் கேட்டதில்லை.

கணக்கு என்று வந்துவிட்டால் படம் போடாமல் தொட மாட்டாள். வெப்ப இயக்கவியல் பாடத்தில் எந்தக் கணக்கானாலும் முதலில் ஒரு உருளை. சொம்பு மாதிரிதான் வரும். அதற்கு ஒரு மூடி, அதுதான் பிஸ்டன். மூடியின் மேல் ஒரு அம்புக்குறி. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக “யாரு தள்றது?” என்று எழுதுவாள். எழுதிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கிற பரீட்சைக்குப் படிக்கிற பெண் செய்கிற காரியமா இது!

இந்தக் கேள்வி அவளுக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். நான் சேர்ந்த முதல் மாதத்தில், தண்ணீர் ஆவியாகிற கணக்கில்.

கணக்கு இதுதான். நூறு டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஒரு மோல், அதாவது பதினெட்டு கிராம், முழுவதும் ஆவியாகிறது. அதற்கு நாற்பது புள்ளி ஏழு கிலோஜூல் வெப்பம் கொடுக்கிறோம். ஆவிக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே காற்று இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுத்தான் ஆவி தன் இடத்தைப் பிடிக்க முடியும். அந்தத் தள்ளலுக்குப் பெயர் வேலை. அதற்கு மூன்று புள்ளி ஒன்று கிலோஜூல் போய்விடுகிறது. மீதி முப்பத்தேழு புள்ளி ஆறு உள்ளே தங்குகிறது. அதற்குப் பெயர் அக ஆற்றல் மாற்றம். இவ்வளவுதான். கழித்தல் தெரிந்த யாரும் போடலாம்.

பேஜாரு எங்கே வந்தது என்றால், குறியில். ஃபிசிக்ஸ் புத்தகத்தில் ஆவி செய்கிற வேலைக்கு ப்ளஸ் குறி. கெமிஸ்ட்ரி புத்தகத்தில் அதே வேலைக்கு மைனஸ் குறி. அதற்கேற்ப சூத்திரத்தையும் மாற்றி வைத்திருக்கிறார்கள், அதனால் கடைசி விடை ஒன்றுதான் வரும். ஆனால் அங்கே இருக்கிற குறியை இங்கே கொண்டுவந்து போட்டால் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிடுவோம். நாற்பத்து மூன்று புள்ளி எட்டு என்று வரும். அந்த விடையும் நாலு விருப்பங்களில் ஒன்றாகத் தயாராக உட்கார்ந்திருக்கும், பரீட்சைக்காரர்களுக்கு நம்மைத் தெரியாதா என்ன? நானெல்லாம் அந்தக் குழியில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன்.

“பீரியட் மாறுனா குறி மாறும். அவ்ளோதான். எதுக்குப் போட்டு கொழப்பிக்கிற?” என்றார் கெமிஸ்ட்ரி மேடம்.

அக்கா எழுந்து நின்றாள். “ஆவி ஒண்ணுதானே மேடம்?”

“ஒண்ணுதான்.”

“அப்ப எப்பிடி மேடம் பெல் அடிச்சா குறி மாறும்?”

கிளாஸ் சிரித்தது. மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “உன் டவுட்டெல்லாம் தீத்துக்கினு நீ எந்த வருஷம் காலேஜ் போவப் போற?” என்று கேட்டுவிட்டார். அப்புறம் அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. யோசித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அடுத்த பீரியட் ஃபிசிக்ஸ் சார். சின்ன வயசு, வாய்த் துடுக்கு, பசங்களோடு பசங்களாகப் பேசுவார். அவரிடமும் கேட்டாள். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இத பாரும்மா. எங்க ஆளுங்களுக்கு வேண்டியது என்ஜினு. ஆவி நமக்கு எவ்ளோ வேலை செஞ்சி குடுத்துச்சுன்னு பாப்பாங்க. அதனால ப்ளஸ். கெமிஸ்ட்ரிக்காரங்க ஆவியோட பக்கத்துல நின்னுக்கினு, அதுங்கிட்ட இருந்து எவ்ளோ போச்சுன்னு பாப்பாங்க. அதனால மைனஸ். நீ எந்தப் பக்கம் நிக்கறன்றதுதான் விஷயம்.”

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. முகம் மலர்ந்து உட்காரப் போனவள் மறுபடி நின்றாள்.

“தள்ளு வாங்குச்சே சார் ஒண்ணு, காத்து. அது பக்கம் யாரும் நிக்கலியா?”

“நீ போய் நில்லு” என்றார் சார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவளுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. மறுநாள் பஸ்ஸில் பையிலிருந்து இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்றை எடுத்தாள். “இதுல ரெண்டு மூடி கூட முழுசா இல்லடி அந்தத் தண்ணி. ஆவியானா முப்பது லிட்டரு. வூட்டுக்கு வர்ற தண்ணி கேன் இருக்குல்ல, அதுல ஒன்னரை கேனு எடம் கேக்குது. ரெண்டு மூடி தண்ணிக்கு இன்னா ஆச பாரு!” என்றாள். அவ்வளவு இடம் கேட்டும், கொடுத்த வெப்பத்தில் சின்னப் பங்குதான் தள்ளுவதற்குப் போகிறது, பெரிய பங்கு உள்ளேயே போய் அடைந்துகொள்கிறது, தெர்மாமீட்டர் வைத்தாலும் காட்டாது என்பதில் அவளுக்குத் தீராத ஆச்சரியம். தெர்மாமீட்டரில் ஏறாத இந்த மொத்த வெப்பத்தைத் தமிழ் மீடியம் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று போட்டிருக்கும். முன்வரிசைப் பையன் ஒருவன் அவள் மார்க்கை வைத்து, “அக்காவோடது உள்ளுறை மார்க்கு, வெளிய தெரியாது” என்று கிண்டல் செய்தான். “மார்க்கு தண்ணி இல்லடா” என்றாள் அக்கா.

அவளுக்குத் தெரியாதது என்று அந்தப் பாடத்தில் எதுவும் இல்லை. நேரம்தான் இல்லை. மாதிரித் தேர்வில் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். முடிந்தது என்று தாளை வாங்கும்போது அக்காவின் தாளில் கடைசிப் பக்கங்கள் தொடாமல் கிடக்கும். போட்ட வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கும். ஓரம் பூராவும் சொம்பு சொம்பாகப் படம்.

“சொம்புக் கடை வெக்கப் போறியாம்மா? கீழதான் பாத்திரக் கடை கீது, போய் வேலைக்கு கேளு” என்பார் சார். அப்புறம் குரலை மாற்றி, “படம் போடாத. ஃபார்முலா, நம்பர், விடை. அடுத்தது. புரியுதா?” என்பார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நாங்கள் எல்லோரும் அதையேதான் சொன்னோம்.

“படம் போடலன்னா யாரு தள்றான்னு தெரியாதே சார்.”

“தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?”

அதற்குள் அவள் அடுத்த கணக்குக்குச் சொம்பு வரைய ஆரம்பித்திருப்பாள்.

எங்கள் பஸ் தினமும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். “ஆஸ்பத்திரி எறங்கு, ஆஸ்பத்திரி” என்று கண்டக்டர் கத்துவார். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு எங்கள் வயதுப் பெண்கள் இறங்குவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன், எனக்கு வயிறு எரியும். அக்கா நன்றாகத் திரும்பி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பாள். அவள் பார்ப்பதில் பொறாமை இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் குடிபோகப் போகிற வீட்டைப் பார்க்கிறவள் மாதிரி பார்ப்பாள். எனக்கு அதுதான் தாங்காது.

ஒரு பொங்கல் விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் அப்பா சேற்றுக் காலோடு வந்து, தூரத்திலேயே நின்று, “வாம்மா, நீயும் டாக்டருக்குத்தான் படிக்கிறியா?” என்று கேட்டார். அந்த ஊரில் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். டாக்டருக்குப் படிக்குது. எத்தனை வருஷமாக என்று யாராவது இழுத்தால், “பெரிய படிப்பு இல்லியா, நாளாவும்” என்பாராம்.

அன்றைக்கு அவள் சித்தி முறை ஆகிற ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டு, “ஏம்பா, வயசுப் பொண்ணை இப்பிடிப் போட்டு அலைய வுட்றியே, பாவமா இல்ல?” என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் கரும்புச் சோகையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“நான் எதுக்கு அலைய வுடறேன்? ப்ளஸ் டூ முடிச்சப்பவே சொன்னேன், டீச்சருக்குப் படி, வூட்டுப் பக்கமா இருன்னு. அதுதான் கேக்கல. புடிச்சா படி, புடிக்கலன்னா வுட்டுடு. நான் தள்ளவும் மாட்டேன், இழுக்கவும் மாட்டேன். அதுவா போவுது, நான் பின்னாடி போய்க்கினு கீறேன்.”

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்: “ஆமா சித்தி, எங்கப்பா தள்ளல. நான்தான் போறேன்.” அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. தன் வாழ்க்கையில் அந்த ஒரு கணக்கை மட்டும் படம் போடாமல் போட முடியும் என்பது போல.

சித்தி சும்மா போகவில்லை. மாசி மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் பஸ்ஸில் அக்கா கம்பியில் தொங்கவில்லை. என்னைத் தேடி வந்து பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பெண் பார்த்துவிட்டுப் போன வெட்கம் போல என்று நினைத்தேன்.

“ஏய், எனக்கு இப்பதான்டி புரிஞ்சுது அந்தக் குறி.”

“எந்தக் குறிக்கா?”

“அவங்க பேசிக்கினே இருந்தாங்க. எங்க பக்கம் இது செய்வோம், உங்க பக்கம் இன்னா செய்வீங்க, எங்க பக்கம் உங்க பக்கம்னு. சீருக்குக் கட்டில் பேச்சு வந்துச்சு. கட்டில் ஒண்ணுதான். எங்க வூட்டுல இருந்து போனா எங்களுக்கு மைனஸு. அவங்க வூட்டுக்குள்ள வந்தா அவங்களுக்கு ப்ளஸு. ரெண்டும் கரெக்ட்டுதான்டி! கெமிஸ்ட்ரின்னா பொண்ணு பக்கம், ஃபிசிக்ஸ்னா மாப்பிள்ள பக்கம்.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் மீதியைச் சொன்னாள். இந்தக் குறி விஷயத்தை அவள் அங்கேயே, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பொண்ணு தானாவே ஆசப்பட்டுத்தான் டாக்டருக்குப் படிக்குதா?” என்று கேட்டிருக்கிறாள். ஆமாம், நானேதான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். திமிர் பிடித்த பெண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். காலையில், “இந்த ஒரு தடவை எழுதிடு பாப்பா. இதுக்கு மேல ஊர் வாய என்னால மூட முடியாது” என்றாராம்.

“சரின்னுட்டேன். ஒரு தடவை போதும். பாஸ் பண்ணிடுவேன்” என்றாள். அவள் சொன்னபோது நம்பினேன். அவளுக்காக நம்பாமல் இருக்க முடியாது.

அந்தக் கடைசி மூன்று மாதம் சார் அவளை விடவில்லை. பென்சிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பேனாவோடு வா, விடையோடு போ என்றார். ஏப்ரலில் அவள் ஒரு மாதிரித் தேர்வை முதல் தடவையாகக் கடைசிக் கேள்வி வரை முடித்தாள். நாங்கள் கைதட்டினோம். சார் கீழே போய் எல்லோருக்கும் சமோசா வாங்கிவந்தார். தாளின் ஓரங்கள் காலியாக இருந்தன. நானும்தான் கைதட்டினேன், எல்லோரையும்விட சத்தமாக.

பரீட்சை விழுப்புரத்திலேயே நடந்தது. மே மாத வெயில். உள்ளே ஊக்கு, வளையல், கிளிப் எதுவும் கூடாது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போனோம், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். அக்காவின் முகம் மலர்ந்திருந்தது.

“முடிச்சிட்டேன்டி. எல்லாம் முடிச்சிட்டேன். அந்த ஆவிக் கணக்கு வந்துச்சு பாத்தியா?”

“வந்துச்சு. படம் போட்டியா?”

“ம்ஹூம்.”

அன்றைக்கு அவளோடு கெடார் பஸ்ஸில் காணை வரை போனேன். அவள் அப்பா நுங்கு வெட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கையில் பேனா, பென்சில் எதுவும் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் நல்ல தூசி. அதில் விரலால் ஒரு சொம்பு வரைந்தாள். மூடி. மூடியின் மேல் அம்புக்குறி. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கூட்டிட்டேன்” என்றாள்.

“என்னது?”

“கழிக்கணும். நான் கூட்டிட்டேன். குடுத்த சூட்டவிட உள்ள அதிகமா போச்சுன்னு எழுதிட்டு வந்திருக்கறேன்டி. எங்கனா நடக்குமா அது?”

ஒரு கேள்விதானே அக்கா, விடு என்றேன். அவள் விடவில்லை. அடுத்தது எதை அவசரமாகப் போட்டோம், அடுத்தது எது என்று ஒவ்வொன்றாக விரலால் வரைந்துகொண்டே வந்தாள். காணை வரும்போது அந்தக் கண்ணாடியில் தூசி என்று எதுவும் மிச்சமில்லை. நுங்கை அவள் தொடவே இல்லை.

தப்பான விடைக்கு மார்க்கைக் கழிக்கிற பரீட்சை அது. முந்தின வருஷங்களில் தொடாமல் விட்டதற்காவது சேதாரம் இருந்ததில்லை. முடித்த வருஷத்தில்தான் அவள் மார்க் இறங்கியது. சார் என்னிடம் போனில், “அந்தப் பொண்ண நான்தாம்மா கெடுத்துட்டேனோ?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவரும் என்ன செய்வார்? படம் போட்டால் முடிக்க முடியாது, படம் போடாவிட்டால் சரியாக வராது. அவளுக்கு எந்த வழியும் இருந்ததில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

நான் லேப் டெக்னீசியன் படிப்புக்குப் போனேன். அவளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வந்தது, எனக்குத் தேர்வு, போக முடியவில்லை. அப்புறம் போன் நம்பர் மாறிவிட்டது.

போன வருஷம் என் சித்தப்பாவை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பார்க்கப் போனபோது, இரண்டு கட்டில் தள்ளி அவள் அப்பா படுத்திருந்தார். சர்க்கரையில் கால் புண். ஆள் பாதியாகியிருந்தார். அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கில் இருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “ஏய்!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதே முன்பல். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது.

பேச வாயெடுப்பதற்குள் அவள் மாமியார் பழப்பையோடு வந்துவிட்டார். சம்பந்தியைப் பார்க்க வந்திருக்கிறார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். வாஞ்சையாகத்தான் பேசினார். “யாரும்மா இது?” என்று என்னைக் கேட்டார்.

“கூடப் படிச்சவ அத்தை” என்றாள் அக்கா.

அந்த நேரத்தில் ஒரு பயிற்சி டாக்டர் பெண் வந்தாள். இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கேஸ் ஷீட்டைப் புரட்டி, “பேஷன்ட் கூட ஒருத்தர் மட்டும் இருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்த மாமியார் பெருமூச்சு விட்டார்.

“இந்த வேஷத்துக்குத்தானே உங்கப்பா உன்னை அத்தினி வருஷம் அலைய வுட்டாரு? ஆம்பளைங்களுக்கு ஒரு ஆச வந்துட்டா பொம்பளப் புள்ளதான் சாவணும்.” என்னிடம் திரும்பி, “இதுக்கு அந்தப் படிப்புல இஷ்டமே இல்லியாமே, உனக்குத் தெரியுமா?” என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

“ஆமா அத்தை” என்றாள் அவள். கஞ்சி டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு எங்க அந்தப் படிப்பெல்லாம் ஏறுச்சு? அப்பாதான்.”

எந்தத் தடங்கலும் இல்லை. பீரியட் மாறினால் குறி மாறும் என்று கெமிஸ்ட்ரி மேடம் அன்றைக்குச் சொன்னதை இவ்வளவு சுத்தமாக அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆசைப்பட்டுத் தோற்ற பெண் என்றால் திமிர் பிடித்தவள். அப்பன் வற்புறுத்தி அலைந்த பெண் என்றால் பாவம், நல்லவள். அந்த வீட்டில் அவள் குடும்பம் நடத்த வேண்டும். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தாங்க முடியவில்லை.

கட்டிலில் இருந்து அவள் அப்பா மெதுவாகத் தலையைத் தூக்கினார். கும்பிடுவது போலக் கையை வைத்துக்கொண்டார்.

“ஆமாங்க சம்பந்தி. அது வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு. நான்தாங்க புடிச்சித் தள்னேன். எம்மேலதான் தப்பு.”

“வுடுங்க, நடந்தது நடந்துபோச்சு” என்று மாமியார் ஆப்பிளை எடுத்து அவர் தலைமாட்டில் வைத்தார். அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு வார்டின் ஓரத்தில் இருந்த குழாய்க்குப் போனாள். மாமியார் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனார்.

நான் கிளம்புகிறேன் அப்பா என்றேன். அவர் கையை அசைத்துக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன். வாயில் கஞ்சி வாசனை.

“நான் தள்ளல பாப்பா. நீ அன்னிக்கு வூட்டுல இருந்த. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்பா” என்றேன். இன்னொரு தடவை சொன்னேன்.

குழாயடியில் அக்கா திரும்பாமல் நின்றிருந்தாள். தண்ணீர் டம்ளர் நிரம்பி வழிந்து கை மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்டது. கேட்காமல் இருக்க அவ்வளவு தூரம் இல்லை அது. குழாயை மூடினாள். டம்ளரை உதறினாள்.

“லேட்டாச்சுன்னா விழுப்புரம் பஸ்ஸுல எடம் கெடைக்காதுடி” என்றாள். “கெளம்பு.”